மூத்தவரின் எடை

அன்று அரங்கில் இருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன். யார் எதைப் பிடித்தார், எது எங்கே விழுந்தது என்று பின்னால் தகராறு வரக்கூடாது.

மேடை நடுவில், மெத்தை வைத்த நாற்காலியில், சின்சில்லா வளர்ப்போர் சங்கத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் செயலாளர், மடியில் கூட்டக் குறிப்பு. இடப்பக்கம் எடை அலுவலர்; அவர் முன்னால் தராசு, தராசுக்கு வெல்வெட் உறை. தலைவரின் தலையைவிட ஒரு சாண் உயரமாக, தனி மேசையில், கண்ணாடி மூடிக்குள், மூத்தவர். கால்நடை மருத்துவருக்கு மேடையில் இடம் கிடையாது. கழிப்பறைக் கதவை ஒட்டி ஒரு முக்காலி. கீழே, பிராணிகளைத் தூக்கிக்கொண்டு வந்த பொதுமக்கள். கடைசி வரிசைச் சுவரோரம் பேருந்து ஓட்டுநர் ஒருவர், அவருக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து என் அக்கா. அக்காவின் மடியில் கூண்டு. கூண்டில் தூசி.

தூசி ஒரு சின்சில்லா. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: முயலாகப் பிறக்கப் புறப்பட்டு, வழியில் அணில் பக்கம் மனம் சாய்ந்து, கடைசியில் எலிக்குலத்தில் வந்து சேர்ந்த பிராணி. சாம்பல் நிறம். கையை வைத்தால் வைத்தது தெரியாது, அவ்வளவு அடர்த்தியான முடி. தண்ணீர் ஆகாது; பொடிமண்ணில் புரண்டுதான் குளிக்கும். சூடு ஆகாது. பயந்தால், பிடித்தவர் கையில் பிடித்த இடத்து முடியை அப்படியே கொத்தாக விட்டுவிட்டு ஓடிவிடும்.

மூத்தவரும் சின்சில்லாதான். ஆனால் இறந்து நெடுங்காலம் ஆகிறது. சங்கத்தின் முதல் பரிசு வாங்கியவர் என்பதால் உள்ளே மரத்தூளும் சுண்ணாம்புப் பொடியும் அடைத்து வைத்திருக்கிறார்கள். சங்கத்தில் எவரும் அவரை 'அது' என்று சொல்வதில்லை.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் ஆசை அல்ல. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகி ஓர் அறிவிப்பு ஒட்டினார். சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பிராணிகள் மட்டுமே வீட்டில் இருக்கலாம்; முதல் கண்காட்சியில் தேறாதவை சங்கத்தின் காப்பகத்தில் ஒப்படைக்கப்படும். காப்பகத்துக்குப் போன பிராணி ஒன்றாவது திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் அக்கா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்தவர்களுக்கு இணைப்புக் கொடுத்தவள். கடைசியில் அவள் காதே இணைப்பை விட்டுவிட்டது. இடது காதுக்குள் போய்க் கத்தினால் பாதி கேட்கும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் என்னோடு பேசிவிட்டு, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தூசி மட்டும்தான் கூண்டைத் திறந்ததும் நேராக அவளிடம் போகும். தோளில் ஏறி, கழுத்தோரம் உட்கார்ந்து, ஏதோ முனகும். அந்த முனகலை அவள் எலும்பால் கேட்கிறாள் என்று நினைக்கிறேன். தூசியைக் காப்பகத்துக்குக் கொடுத்தால் அக்கா அன்றோடு பேச்சையே நிறுத்திவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆகவே சங்கத்துக்குப் போனேன். 'முதல் கண்காட்சிக்கு ஆயத்தம்' என்று ஒரு கையேடு கொடுத்தார்கள். திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவன் நான். அளவு சொன்னால் புரியும். கையேட்டில் ஓர் அளவுதான் இருந்தது. மூத்தவரின் எடை, ஐந்நூற்று இருபது கிராம். அதற்குக் குறைந்த எந்தப் பிராணியும் 'வளர்ச்சி முற்றுப்பெறாதது'. கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே மண் குளியலை நிறுத்திவிட வேண்டும். முடியில் ஒட்டிய மண் எடையைக் கூட்டிக் காட்டுமாம். உலர்திராட்சை, பருப்பு, வாழைப்பழம் தாராளமாகத் தரலாம். தலைவர் உரை நிகழ்த்தும்போது பிராணி அசையாமலிருக்கப் பழக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் தூசியை ஒரு கிண்ணத்தில் உட்கார்த்தி நிறுத்தேன். நானூற்று ஐம்பது.

"எவ்வளவுடா?" என்றாள் அக்கா. அவள் எதையும் மெதுவாகக் கேட்பதில்லை. மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சொன்னேன்.

"நீ பொறந்தப்பகூடத்தான் எடை பத்தலைன்னாங்க. உன்னை எங்கயாவது ஒப்படைச்சோமா?"

மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் தூசியின் வயிற்றைத் தடவி, பல்லைப் பார்த்து, முதுகெலும்பை விரலால் தேடி, "நல்லா இருக்கு சார்" என்றார். "ஒரு வயசு ஆகுது, வளர்ந்தாச்சு. குட்டியா இருக்கும்போது வாராவாரம் நிறுத்துப் பாக்கணும். ஏறிக்கிட்டே இருந்தா சரி. ஒரு இடத்துல நின்னுச்சுன்னா அதான் அதோட அளவு. திடீர்னு குறைஞ்சா மட்டும் ஓடி வாங்க."

"அப்ப ஐந்நூத்தி இருபது?"

"அது மூத்தவரோட எடை."

"அவர் உயிரோட இருந்தப்ப எவ்வளவு இருந்தார் டாக்டர்?"

மருத்துவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நிறுக்கலை சார். தராசு அப்புறம்தான் வாங்கினாங்க."

அப்படியும் நான் மண் குளியலை நிறுத்தி, உலர்திராட்சை வாங்கினேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும். முதல் நாள் தூசி ஆசையாகத் தின்றது. மறுநாளும் தின்றது. மூன்றாம் நாள் மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்துகொண்டது. வழக்கமாக அரிசிபோல உலர்ந்து விழும் புழுக்கைகள் கூழாகிக் கம்பியில் ஒட்டின. அந்த வாடையில் எனக்கே சோறு இறங்கவில்லை.

"வயிறு கல்லாட்டம் கிடக்குடா!" என்று அக்கா அலறினாள். "அந்தப் பொஸ்தகத்தைத் தூக்கி எறி. எறிடான்னா!"

எறியவில்லை, மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். மருத்துவர் வந்து மருந்து புகட்டினார். காய்ந்த புல்லைத் தவிர ஒன்றும் வேண்டாம் என்றார். தூசி பிழைத்தது. கண்காட்சி அன்று காலை நிறுத்தபோது நானூற்று நாற்பத்தொன்று.

இனி அரங்குக்கு வருகிறேன்.

மூன்று நாளாக மழை. உள்ளே புழுக்கம், ஆனாலும் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. மின்விசிறிகளும் நின்றிருந்தன. காற்று அடித்தால் மூத்தவரின் முடி பறந்துவிடும் என்பது காரணம். இத்தனை மனிதர்களின் வேர்வையும் இத்தனை கூண்டுகளின் மூத்திரமும் சேர்ந்து ஒரு வெந்நீர் ஆவிபோல முகத்தில் படிந்தது. தூசியின் காதுகள் சிவந்துகொண்டு வந்தன. அக்கா கைக்குட்டையால் விசிறினாள். செயலாளர் மேடையிலிருந்து விரலை ஆட்டினார்.

பக்கத்திலிருந்த ஓட்டுநரின் மடியில் அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு பிராணி, பூசணிக்காய் கணக்கில்.

"போன தடவ நாலு கிராம் பத்தலை சார்," என்றார். "நிர்வாகிகிட்ட கெஞ்சி ஒரு வருஷம் தவணை வாங்கினேன். இந்தத் தடவ விடல. வண்டி ஓட்டுற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஊட்டுறதுதான் வேலை. என் சம்சாரம் கேக்குது, எனக்கு ஒரு நாள் ஊட்டியிருக்கீங்களான்னு." சிரித்தார். பிராணி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. "தூங்குது," என்றார்.

அனைவரும் எழுந்து நிற்கும்படி செயலாளர் சொன்னார். எடை அலுவலர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடி மூடியைத் தூக்கினார். பூச்சி உருண்டையும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு நாற்றம் வரிசை வரிசையாக இறங்கி எங்கள் வரை வந்தது. மூத்தவருக்கு ஒரு கண் கண்ணாடி. மற்றது சட்டைப் பொத்தான். விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை. தராசில் ஏற்றினார்கள்.

"ஐந்நூற்று முப்பத்து மூன்று!" என்றார் எடை அலுவலர், குரல் தழுதழுக்க. "பதின்மூன்று கிராம் கூடியிருக்கிறார்!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது.

"மழை ஈரம் சார்," என்றார் மருத்துவர். "மரத்தூள் ஈரத்தை இழுத்துக்கும். எங்க வீட்டுக் கதவுகூட உப்பிப்போய்ச் சாத்த முடியல."

"முக்காலிக்குப் பேசும் உரிமை இல்லை," என்றார் செயலாளர். அதையும் குறித்துக்கொண்டார்.

தலைவர் எழுந்து பேசினார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன்:

"பெரியோர்களே! இந்தச் சங்கத்தை என் மாமனார் என்னிடம் ஒப்படைத்தபோது மூத்தவர் நானூற்றுத் தொண்ணூறு. இன்று பாருங்கள். இறந்த பிறகும் அவர் வளர்ச்சியை நிறுத்தவில்லை. உயிரோடு இருக்கிற உங்கள் பிராணிகளுக்கு வெட்கமாக இல்லையா? தின்கின்றன, தூங்குகின்றன, ஓடுகின்றன. மூத்தவர் இதில் ஒன்றாவது செய்கிறாரா? ஒழுக்கம் என்றால் அது! என்னிடம் சிலர் கேட்கிறார்கள், தலைவர் ஏன் சின்சில்லா வளர்ப்பதில்லை என்று. எனக்கு அதன் நாற்றம் ஒத்துக்கொள்ளாது. விருப்பு வெறுப்பு இல்லாதவன்தான் நடுவராக இருக்க முடியும்."

மறுபடி கைதட்டல். அது அடங்கிய அந்த ஒரு நொடி அமைதியில் அக்கா என் பக்கம் திரும்பி, அவளைப் பொறுத்தவரை ரகசியமாக, "டேய், அது செத்துப்போய்க் கிடக்குடா. கண்ணுல சட்டப் பொத்தான்," என்றாள்.

அரங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பிறகு முடிச் சோதனை. தலைவர் ஒவ்வொரு பிராணியையும் கழுத்தில் பிடித்து, முடி பிரிந்து அடிவரை நிறம் தெரியும்படி வாயால் ஊதுவார். காலையில் என்ன சாப்பிட்டாரோ, பச்சை வெங்காயம் நிச்சயம் இருந்தது. ஊதும்போது எச்சில் தெறித்து முடியில் முத்து முத்தாக நின்றது. ஒவ்வொன்றையும் ஊதி முடித்ததும் உதட்டைத் துடைத்த அதே கைக்குட்டையால் மூத்தவரின் தலையைத் தடவிக்கொடுப்பார். பிறகு விரலை நாக்கில் தொட்டு அடுத்த பிராணியின் மீசையை நீவுவார். வரிசையில் நின்றவர்கள் அதைப் பக்தியோடு பார்த்தார்கள். எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறி ஊறி வந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் இடமில்லை.

ஓட்டுநரின் பிராணி ஐந்நூற்று முப்பத்தைந்து. "தேர்ச்சி!" என்றார்கள். அவர் அழுதுவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "டேய், பாஸ் பண்ணிட்டடா, எழுந்திரு," என்று அதன் முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். மருத்துவர் முக்காலியை உதைத்துவிட்டு ஓடி வந்தார். ஈரத்துணி கேட்டார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஜன்னலைத் திறக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றார் செயலாளர். அதற்குள் அதற்கு அவசியமில்லாமல் போயிற்று.

"போயிடுச்சு," என்றார் மருத்துவர்.

மேடையில் மூவரும் தலை சேர்த்துப் பேசினார்கள். செயலாளர் அறிவித்தார்: "இறப்பு தகுதியைப் பாதிக்காது. மூத்தவரே முன்னுதாரணம். அங்கீகாரம் செல்லும்."

ஓட்டுநர் மேடையேறி, ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் சான்றிதழுமாக நின்றார். புகைப்படம் எடுத்தார்கள். சற்றுச் சிரிக்கும்படி எடை அலுவலர் கேட்டுக்கொண்டார். கீழே வந்ததும் ஓட்டுநர் சான்றிதழைச் சுவரோரம் வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

நானும் அக்காவை எழுப்பினேன். "வா, போயிடலாம்," என்று அவள் காதில் கத்தினேன். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நானூற்று நாற்பத்தொன்று," என்றார் எடை அலுவலர், இழவு சொல்லும் குரலில். "வளர்ச்சி முற்றுப்பெறாதது. காப்பகம்."

"அதைக் கொடுக்க முடியாதுங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பொறுங்கள்," என்றார் தலைவர். தூசியையும் மூத்தவரின் மொட்டை விலாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நிறம் ஒத்துப்போகிறதே! இதற்குக் கருணைப் பிரிவு இருக்கிறது. மூத்தவருக்கு ஒரு பிடி முடி காணிக்கை கொடுத்தால் நூறு கிராம் தள்ளுபடி. வழக்கமாகக் காப்பகத்திலிருந்து எடுப்போம். அங்கே இப்போது மிச்சம் இருப்பதெல்லாம் தோல்தான்."

சொல்லிக்கொண்டே ஈர விரல்களால் தூசியின் விலாவைக் கொத்தாகப் பற்றினார்.

தூசி கத்தியது. அக்காவுக்கே கேட்டது. பிடித்த முடி மட்டும் தலைவர் கையில் இருக்க, தூசி அங்கே இல்லை. தராசில் குதித்து, தராசிலிருந்து தலைவர் தோளுக்கு, தோளிலிருந்து மூத்தவர் மேல். மூத்தவர் சாய்ந்தார். மேசையிலிருந்து மேடைக்குத் தலைகுப்புற விழுந்தார். வயிற்றுத் தையல் தொண்டைவரை பிரிந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஒரு குவியலாகக் கொட்டியது: மரத்தூள், சுண்ணாம்புப் பொடி, ஒரு துருப்பிடித்த பூட்டு, செத்த அந்துப்பூச்சிகள்.

இரண்டு வாரமாக மண் குளியல் இல்லாத பிராணி தூசி. குவியலை ஒரு தரம் முகர்ந்தது. பிறகு அதில் விழுந்து புரண்டது. வலப்பக்கம் புரண்டது, இடப்பக்கம் புரண்டது, மல்லாந்து நான்கு காலையும் தூக்கி உதறியது. மூத்தவரின் உட்பொருள் மேகமாக எழுந்து தலைவர், செயலாளர், எடை அலுவலர் மூவர் தலையிலும் படிந்தது.

"குளிக்கிறாடா!" என்று அக்கா கைகொட்டினாள். அன்றைக்கு அந்த அரங்கில் நான் கேட்ட ஒரே சந்தோஷமான சத்தம்.

செயலாளர் தும்மிவிட்டுப் பேனாவை எடுத்தார். "குறிப்பில் என்ன எழுதட்டும்?"

தலைவர் முகத்தைத் துடைத்தார். புருவத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. "எழுதுங்கள்: மூத்தவர் தம்மிடம் இருந்தது அனைத்தையும் தம் வாரிசிடம் வழங்கினார்."

அந்தக் குழப்பத்தில் தூசியைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தூசி அடுத்த மூத்தவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், வரும் மாத முதல் நாள் 'நிரந்தரப்படுத்தும் விழா'வுக்கு அழைத்து வரும்படியும் எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. செயலாளருக்குத் தொலைபேசினேன்.

"நிரந்தரப்படுத்துறதுன்னா என்ன சார்?"

"உள்ளே புதுசா மரத்தூள். இந்தத் தடவை தேக்கு."

"அது உயிரோட இருக்கு சார்."

"விழாவுக்கு முன்னால அதெல்லாம் பார்த்துப்போம். வலிக்காதுங்க. மூத்தவர்கிட்டயிருந்து இத்தனை வருஷத்துல ஒரு புகார்கூட வந்ததில்லை. நீங்க சந்தோஷப்படணும். வராட்டி நிர்வாகிக்கு எழுதிடுவோம், அவர் ஆள் அனுப்புவார்."

அக்காவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. கூண்டைத் திறந்து தூசியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, விலாவில் முடி போன இடத்தை உள்ளங்கையால் மூடியபடி உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

சாப்பாட்டு மேசை ஆடியபோதுதான் கையேடு ஞாபகம் வந்தது. மேசைக்காலுக்கு அடியிலிருந்து உருவி, உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். பிறகு வெள்ளைத் தாள் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒழுங்காக வந்தது கடிதம் எழுதுவது ஒன்றுதான்.

'ஐயா,

தங்கள் தேர்வுக்கு எங்கள் வணக்கம். தங்கள் கையேட்டின்படி மூத்தவரின் எடையை எட்டாத பிராணி வளர்ச்சி முற்றுப்பெறாதது. மூத்தவர் கடைசியாக நிறுக்கப்பட்டபோது ஐந்நூற்று முப்பத்து மூன்று. எங்கள் தூசி நானூற்று நாற்பத்தொன்று என்று தங்கள் தராசே சொல்லியிருக்கிறது. வளர்ச்சி முற்றாத ஒன்றை மூத்தவர் ஆக்கினால் சங்கத்தின் அளவே தொண்ணூற்றிரண்டு கிராம் சரியும். அந்தப் பழி எங்கள் வீட்டுக்கு வேண்டாம். ஆகவே அது உரிய எடையை எட்டும்வரை எங்களிடமே வளரட்டும். அதற்காக அல்லும் பகலும் பாடுபடுகிறோம். வருடம் ஒருமுறை எடையைத் தெரிவிப்போம். வருங்கால மூத்தவர் குடியிருக்கும் வீடு என்பதால் எங்கள் நிர்வாகிக்கு ஒரு சான்றிதழ் அனுப்பிவைக்கவும்.'

சத்தமாகப் படித்தேன், இடது காதுப் பக்கம்.

"அல்லும் பகலும் பாடுபடுறோமா?" என்றாள் அக்கா. ஒரு நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. கூண்டில் ஒரு பிடி காய்ந்த புல்லைப் போட்டாள். "இந்தா, பட்டுட்டேன்."

"ஒத்துக்குவாங்களாக்கா?"

"அவங்க எழுதினதைத்தானே திருப்பி எழுதியிருக்க. ஒத்துக்காம எங்க போவாங்க?"

கையெழுத்துப் போட்டு மடித்தேன். உறையில் வைத்து ஒட்டப் போனபோது, "இரு" என்றாள். கூண்டின் தட்டிலிருந்து எதையோ பொறுக்கி உறைக்குள் போட்டாள். எட்டிப் பார்த்தேன். மூன்று புழுக்கைகள். நன்றாகக் காய்ந்து, உறுதியாக, ஒரே அளவில் இருந்தன. தூசியின் வயிறு சரியாகிவிட்டது.

"அக்கா!"

"என்னடா? நல்லா இருக்கான்னு அவங்களுக்கும் தெரிய வேண்டாமா? அந்தாளு வாயால ஊதிப் பார்க்கட்டும்."

எனக்கு முறை தவறி எழுதிப் பழக்கமில்லை. கடிதத்தை வெளியே எடுத்து, கையெழுத்துக்குக் கீழே 'இணைப்பு: மூன்று' என்று சேர்த்து, மறுபடி உறையிலிட்டு ஒட்டினேன்.

அஞ்சலகத்தில் ஊழியர் உறையைத் தராசில் போட்டார். முள் அசைந்து நின்றது. "சரியா இருக்கு," என்று முத்திரை குத்திப் பையில் எறிந்தார்.